அமாவாசைக்குக் கெடச்ச மாடி ஹால்

ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட காலி இல்லன்னு அந்த மேடம் மூணாவது தடவையா சொன்னப்ப எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு அப்படியே நின்னேன். திருப்பதில கலாபவனம்னு சொல்லுவோம், கீழ பெரிய மேடை, பின்னால டான்ஸ் கிளாஸும் பாட்டு கிளாஸும் நடக்கற ரூமுங்க, மாடில படம் மாட்டி வைக்கறதுக்குன்னு ஒரு நீட்டு ஹால். அந்தக் கட்டடத்தோட ஆபீஸ் ஜன்னல் அது. மாடி ஹால ஒரு நாள் வாடகைக்கு விடறாங்க. அந்த ஒரு நாளுக்காக நான் நகரி ஸ்டேஷன்ல ரயில் ஏறி, ரேணிகுண்டால எறங்கி, பஸ்ஸுக்கு நின்னு, மூணு வாரமா நடையா நடந்துக்கினு இருந்தேன்.

நான் பவர்லூம் ஓட்டறவன். நகரி ஊர்ல நாலு தறி வெச்சிருக்கேன். படம், கண்காட்சி, இதெல்லாம் எனக்கு இன்னா தெரியும். எம் பொண்ணுக்காகத்தான் போனேன். அவளுக்கு அப்ப பதினேழு வயசு.

திருப்பதிக்கு வெளிய ஒரு ஹாஸ்டல் காலேஜ்ல இண்டர் ரெண்டாவது வருஷம், அதான் பன்னெண்டாவது, படிச்சிக்கினு இருந்தா. டாக்டராவணும்னு அங்க சேத்தது நான்தான். அவ கேக்கல. வாரத்துக்கு வாரம் டெஸ்ட்டு வைப்பாங்க. மார்க்கு கொறஞ்சா அடுத்த நாளே பெட்டியத் தூக்கிக்கினு வேற செக்‌ஷனுக்கு, வேற ரூமுக்குப் போவணும். ஒரு நாள் காலேஜ்லருந்து போன் வந்துச்சு, பொண்ண வந்து இட்டுக்கினு போங்கன்னு. போனேன். கேட்டாண்ட சூட்கேஸோட நின்னுக்கினு இருந்தா. ஒடம்பு பாதியா எளச்சுப் போயிருந்துச்சு. இன்னாம்மா ஆச்சுன்னு கேட்டேன். அன்னைக்கு மூடின வாய்தான்.

நாலு மாசம் அப்படிப் போச்சு. சோறு வெச்சா ரெண்டு வாய் துன்னுவா, தட்டத் தள்ளிடுவா. செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்குவா. சித்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போனோம். அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் தனியா கூப்ட்டு, பொண்ண ஒத்தையா விடாதீங்க, பகலும் சரி ராத்திரியும் சரின்னாங்க. அதுக்கு இன்னா அர்த்தம்னு நாங்க கேக்கல. வூட்டுக்கு வந்து மொத வேலையா பாத்ரூம் கதவுல இருந்த தாழ்ப்பாளக் கழட்டினேன். எம் பொண்டாட்டி பக்கத்துல நின்னு ஸ்குரூவ எல்லாம் கையில வாங்கிக்கினா. பெத்த பொண்ணு குளிக்கப் போனா, கதவுக்கு வெளிய நின்னுக்கினு தண்ணி சத்தம் கேக்குதா கேக்குதான்னு காது குடுக்கற பொழப்பு எந்தத் தகப்பனுக்கும் வேணாம் சாமி.

ஒரு நாள் எம் பொண்டாட்டி அந்த சூட்கேஸ சுத்தம் பண்ணலாம்னு தொறந்தா. புக்குக்கெல்லாம் அடில ஒரு கட்டு காகிதம். அவ எழுதின டெஸ்ட்டு பேப்பருங்க. ஒவ்வொண்ணோட பின்பக்கமும் பென்சில்ல படம். கட்ட அப்படியே தூக்கிக்கினு போய், "இதெல்லாம் நீயா கண்ணு வரஞ்ச?"ன்னு கேட்டா. பொண்ணு தல ஆட்டினா. "இத இன்னா பண்றது, எடுத்து வைக்கட்டா?" அதுக்குத்தான் நாலு மாசத்துக்கு அப்பால மொத தடவையா வாயத் தொறந்தா. "யாராச்சும் பாத்தா போதும்"னா.

எம் பொண்டாட்டி ஷெட்டுக்கு ஓடி வந்தா. நாலு தறி சத்தத்துல அவ சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல. தறிய நிறுத்திட்டு மறுபடியும் சொல்லச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு போன் பண்ணோம். அவ கேக்கறத செஞ்சு குடுங்க, தள்ளிப் போடாதீங்கன்னாங்க. தள்ளிப் போடாதீங்கன்னதுதான் என் நெஞ்சுல குந்திக்கிச்சு. யாராச்சும் பாக்கணும்னா ஜனம் வரணும். ஜனம் வரணும்னா எடம் வேணும். என் புத்திக்கு எட்டினது அவ்ளோதான்.

அதான் அந்த ஜன்னல். ரெண்டு மாசத்துக்கு எல்லா ஞாயிறும் புக் ஆயிடுச்சுன்னு மேடம் தெலுங்குல சொல்லிச்சு. கிழமை நாள்ல தரேன்னுச்சு. கிழமை நாள்ல யாரு வருவா, எல்லாருக்கும் வேல கீதே. "ரெண்டு மாசமெல்லாம் எங்களால தாங்க முடியாது மேடம்"னு சொன்னேன். மேடம் நிமிந்து என் மூஞ்சியப் பாத்துச்சு. அப்பால ரிஜிஸ்டர மறுபடியும் பொரட்டி ஒரு எடத்துல வெரல வெச்சுச்சு. இது ஒண்ணு காலியாதான் இருக்குது, அடுத்த ஞாயிறுக்கு மறு ஞாயிறு, ஆனான்னு இழுத்துச்சு.

ஆனாவுக்கு மேல நான் எங்க கேட்டேன். எழுதிக்கோங்கன்னேன். "ஆ ரோஜேனா?"ன்னுச்சு. அன்னைக்கேதான்னேன். வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, ரோசன பண்ணிக்கோங்கன்னுச்சு. இதுல இன்னாம்மா ரோசன, சீக்கிரம் எழுதுன்னு உள்ளுக்குள்ள கத்திக்கினு, வெளிய பல்ல இளிச்சிக்கினு ரசீது வாங்கினேன். நல்ல மனுஷி அது. சொல்லத்தான் பாத்துச்சு. நான்தான் காத மூடிக்கினேன்.

வூட்டுக்கு வந்து காலண்டரப் பாத்தா அன்னைக்கு அமாவாசை. எம் பொண்டாட்டி திருத்தணிப் பக்கம். அவ வூட்ல வண்டி எடுக்கறதுன்னாலும், கடை தொறக்கறதுன்னாலும், அமாவாசை பாத்துத்தான் செய்வாங்க. அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "மத்த ஞாயித்துக்கிழமைய எல்லாம் ஊருக்குக் குடுத்துட்டு, நமக்குன்னு இந்த நாள சாமி ஒதுக்கி வெச்சிருக்குது பாருய்யா"ன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. எங்க தறிக்காரங்களுக்கு அமாவாசை லீவு நாளு. பொறந்ததுலருந்து அது எனக்கு நல்ல நாளாத்தான் இருந்துச்சு.

போன்ல ஒரு மெசேஜ் தயார் பண்ணி தெலுங்குல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு அனுப்பினேன். எம் பொண்ணு வரஞ்ச படம், இன்ன தேதி, இத்தினி மணிலருந்து இத்தினி மணி வரைக்கும், குடும்பத்தோட வந்து பாத்து ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு. கல்யாணப் பத்திரிக மாதிரிதான் எழுதினேன், எனக்கு வேற மாதிரி தெரியாது. பத்தாவது வரைக்கும் அவளுக்கு எடுத்த டீச்சருங்க, கூடப் படிச்ச பிள்ளைங்களோட அம்மா அப்பா, நூல் குடுக்கற சேட்டு, துணி எடுக்க வர வியாபாரிங்க, சொந்தக்காரங்க, ஒருத்தர் விடல. எல்லாரும் கை கூப்பற பொம்ம அனுப்பினாங்க. கண்டிப்பா வரோம், "தப்பகுண்டா வஸ்தாம்"னு பாதி பேரு எழுதினாங்க. அத எல்லாம் பொண்ணுகிட்ட காட்டினேன். அவ போன வாங்கி மேலருந்து கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் படிச்சா. "இத்தினி பேரா?"ன்னா. அன்னைக்கு அவளே கேட்டு ரெண்டாவது தோசை துன்னா.

அந்த நாள் வந்துச்சு. காலைல அவளே தலைக்குத் தண்ணி ஊத்திக்கினா. எட்டு மணிக்கெல்லாம் திருப்பதில இருந்தோம். வாட்ச்மேன் மாடிக் கதவத் தொறந்து வுட்டு, செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது, டேப்பு ஒட்டக் கூடாதுன்னாரு. எனக்கு ஒண்ணும் கவலை இல்ல. தறிக்காரன் வூட்ல நூலுக்கா பஞ்சம். இந்த ஜன்னல் கம்பிலருந்து அந்த ஜன்னல் கம்பிக்கு முறுக்கின நூல இழுத்துக் கட்டினேன், துணி காயப் போடற கிளிப்பு நாலு டஜன் எடுத்துக்கினு வந்திருந்தோம். பொண்ணு ஒவ்வொரு படமா எடுத்துக் குடுத்தா, எம் பொண்டாட்டி கிளிப்பு மாட்டினா, நான் ஸ்டூலு மேல ஏறி நின்னுக்கினு நூலு தொங்குதா, மட்டமா கீதான்னு பாத்துக்கினே வந்தேன். மொத்தம் முப்பத்தாறு படம். ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு இல்லாம ஒரே வரில நின்னுச்சு. வரவங்க உக்கார பத்து சேரு, ரெண்டு வார்த்த எழுத ஒரு நோட்டு, பேனா. சாக்லெட்டு ஒரு தட்டு.

பத்து மணின்னு போட்டிருந்தோம். பத்தரை ஆச்சு. திருப்பதில ஞாயித்துக்கிழமை வண்டிங்க நெரிசலு, வந்துக்கினு இருப்பாங்கன்னேன். பதினொண்ணு ஆச்சு. சாக்லெட்டு தட்டுல எறும்பு வந்துச்சு, எம் பொண்டாட்டி அதத் தட்டிக்கினு இருந்தா. பொண்ணு கதவுக்கு நேரா சேரப் போட்டு, கையத் தொடைக்கு நடுவுல வெச்சிக்கினு குந்தியிருந்தா. படில யாரோ ஏறி வர மாதிரி சத்தம் கேட்டா நிமிந்து பாப்பா. பாத்துட்டு மறுபடியும் குனிஞ்சிக்குவா. பதினொண்ணரைக்கு அவ நிமிந்து பாக்கறதையும் நிறுத்திட்டா.

நான் கீழ எறங்கினேன். கட்டடத்துல ஒரு ஈ காக்கா இல்ல. மேடை பூட்டிக் கெடக்குது, டான்ஸ் கிளாஸ் ரூமு பூட்டிக் கெடக்குது. ஞாயித்துக்கிழமைன்னா சலங்க சத்தம் காதப் பொளக்கும்னு சொல்லுவாங்க. வாட்ச்மேன்கிட்ட, இன்னா சார் யாருமே காணோம்னு கேட்டேன். அவரு பரிதாபமா என்னப் பாத்தாரு. "ஆதிவாரம் அமாவாஸ்ய கதா சார்"ன்னாரு. ஞாயித்துக்கிழமையும் அமாவாசையும் ஒண்ணா வந்தா புள்ளைங்கள வாசப்படி தாண்ட விடமாட்டாங்களே, இன்னைக்குப் போய் எதுக்கு ஹால் எடுத்தீங்கன்னு கேட்டாரு. டான்ஸ் மாஸ்டரு கூட கிளாஸுக்கு லீவு விட்டுட்டாராம்.

அந்தப் படிக்கட்டுலயே குந்திட்டேன். எனக்குத் தெரியாதா இது? பொறந்து வளந்தது முழுக்க தெலுங்குக்காரங்களோடதான். பாதி நாளு எந்த பாஷைல பேசறோம்னு எனக்கே தெரியாது. என் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டுக்காரரு அமாவாசை அன்னைக்கு ஒரு வேலையும் புதுசா ஆரம்பிக்க மாட்டாரு, வெளியூருக்குக் கெளம்ப மாட்டாரு. இருவது வருஷமா அதுக்கு அவரக் கிண்டல் பண்ணிக்கினு இருக்கறவன் நான். அந்த மேடம் ஆனான்னு இழுத்ததுக்கும், அந்த ஒரு நாளு மட்டும் காலியா கெடந்ததுக்கும் காரணம் கண்ணு முன்னால இருந்துச்சு. சாமி ஒதுக்கி வெச்சதாம். ஊரே வேணாம்னு ஒதுக்கின நாளத் தூக்கிக்கினு வந்து எம் பொண்ணு கைல குடுத்திருக்கேன்.

சரி, நம்ம தமிழ் ஆளுங்க வருவாங்களேன்னு எங்க அண்ணனுக்கு போன் போட்டேன். "அமாவாசை படையல் போட வேணாமா? காக்காவுக்கு வெச்சுட்டு, துன்னுட்டு, மூணு மணிக்கு மேல பாக்கலாம்டா"ன்னான். மச்சானுக்குப் போட்டேன். அவன் குலதெய்வம் கோயில்ல இருந்தான், மணிச் சத்தத்துல பேச்சே கேக்கல. நல்ல நாளுன்றவனுக்கு வூட்ல வேல, கெட்ட நாளுன்றவனுக்கு வூட்ட வுட்டு எறங்க பயம். டீச்சரம்மா ஒருத்தங்க மட்டும் போன எடுத்து, மன்னிச்சுக்கோங்க, தேதிய மட்டும்தான் பாத்தேன், திதியப் பாக்கல, எங்க மாமியாரு விடமாட்றாங்கன்னாங்க. அவங்கள இன்னா சொல்றது. நானே பாக்கல.

மேல போனேன். எம் பொண்டாட்டி கதவாண்டயே என் சட்டையப் புடிச்சு நிறுத்தினா. "இன்னாய்யா, யாரும் வரலியா? அவ அந்த ஜன்னலாண்ட போய் நிக்கறா, கூப்ட்டா திரும்ப மாட்றா"ன்னு காதோட சொன்னா. ஜன்னலுக்குக் கம்பி கீதான்னு மொதல்ல பாத்தேன். அதப் பாத்த அப்பாலதான் எனக்கு மூச்சு வந்துச்சு. "நீ அவளாண்டயே இரும்மே, நான் ஆள் இட்டுக்கினு வரேன்"னு சொல்லிட்டு மறுபடியும் எறங்கி ஓடினேன்.

ரோட்டுல வெயிலு கொளுத்துது. டீக்கடைல நின்னவங்ககிட்ட போய், மேல எம் பொண்ணு படம் வரஞ்சி மாட்டியிருக்கா, ஒரு அஞ்சு நிமிசம் வந்து பாருங்கன்னு கேட்டேன். ஒருத்தன் டிக்கெட்டான்னான். இல்லப்பா சும்மாதான்னேன். சும்மான்னதும் சந்தேகமாப் பாத்து நகந்துட்டான். அப்பால மொட்ட அடிச்சிக்கினு, தலைல சந்தனத்தோட ஒரு புருஷன் பொண்டாட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாங்க. விழுப்புரத்துக்காரங்க. நானே ஆட்டோ புடிச்சு ஏத்தி விடறேன், மேல வந்து படத்தப் பாத்துட்டுப் போங்கன்னு கிட்டத்தட்ட இழுத்துக்கினு வந்தேன்.

வந்தாங்க. அந்தம்மா ஃபேனுக்கு அடில நின்னுக்கினு, "நல்லா வரஞ்சிருக்க கண்ணு"ன்னு பொதுவா சொல்லிச்சு. அந்தாளு ஒரு வரிசைய நடந்து முடிச்சிட்டு, பெருமாள் படம் ஒண்ணும் வரையலியான்னு கேட்டாரு. குடிக்கத் தண்ணி கேட்டாங்க. குடிச்சாங்க. சாக்லெட்டு எடுத்துக்கினாங்க. மணி பாத்தாங்க. பொண்ணு ஜன்னலாண்டருந்து அவங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா. நோட்டுல எழுதுங்கன்னு நான் பேனாவ நீட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டாங்க. பேனா என் கைலயே நின்னுச்சு.

அவங்கள ஆட்டோல ஏத்திட்டு, அந்த ஆட்டோவுக்குப் பின்னால நின்ன இன்னொரு ஆட்டோக்காரரப் புடிச்சிக்கினேன். சவாரி இல்லாம குந்தியிருந்தாரு. மேல வான்னா மாட்டேன்றாரு. அமாவாசை, படம், பொண்ணு, எதையோ ஒளறிக்கினு இருந்தேன். "ஒரே ஒரு தடவ வந்து பாருய்யா, உன் கால்ல வேணா வுழறேன்"னு சொல்லி நெசமாவே குனிஞ்சேன். அந்தாளு பயந்து காலத் தூக்கி சீட்டு மேல வெச்சிக்கினாரு.

"நைனா."

திரும்பினேன். படிக்கட்டுக்குக் கீழ எம் பொண்ணு நின்னுக்கினு இருந்தா. பின்னால அவங்க அம்மா. எப்பருந்து நிக்கறாங்கன்னு தெரியல. காலேஜ்லருந்து வந்த நாள்லருந்து அவ என்ன அப்படிக் கூப்ட்டதே இல்ல. "போதும் நைனா. யாரையும் கூப்டாத. மேல வா"ன்னா. குட்டு வாங்கின பையன் மாதிரி அவ பின்னால ஏறிப் போனேன்.

ஹால் நடுவுல நின்னு என்னக் கேட்டா. "நீ பாத்தியா?"

"பாக்காம இன்னாம்மா, நான்தான கட்டினேன்."

"இன்னா பாத்த?"

காலைலருந்து நூலப் பாத்தேன், கதவப் பாத்தேன், ரோட்டப் பாத்தேன். முப்பத்தாறு காகிதத்துல ஒண்ணுல இன்னா கீதுன்னு கேட்டா எனக்குத் தெரியல. அவ கோச்சிக்கல. நகந்து வழி வுட்டா. நான் மொதப் படத்தாண்ட போய் நின்னேன்.

இரும்புக் கட்டிலுங்க வரிசையா. பக்கெட்டுங்க, கொழா முன்னால, ஒவ்வொரு பக்கெட்டு மேலயும் நம்பரு. ஒரு பொண்ணு புக்கு மேல தலைய வெச்சு தூங்குது. நாலாவது படத்துல, மேலருந்து பாக்கற மாதிரி ஒரு மைதானம், தூரத்துல கேட்டு, அத நோக்கி ஒரு ஆளு பைய எடுத்துக்கினு நடந்து போறான். அஞ்சாவதுலயும் அதே ஆளு. ஏழாவதுல கொஞ்சம் பெருசா. பதினொண்ணுல எறும்பாட்டம். அப்பால வரிசையா அவனேதான். இடது தோளு எறங்கி இருந்துச்சு. தறில மாட்டற பாவு உருளையத் தூக்கித் தூக்கி எனக்கு இடது தோளு எறங்கிடுச்சு, சட்ட தைக்கறவரு எப்பவும் சொல்லுவாரு.

இத நான் எம் பொண்டாட்டிகிட்ட கூட சொன்னதில்ல. அவள இட்டுக்கினு போங்கன்னு காலேஜ்லருந்து போன் வரதுக்கு ரெண்டு மாசம் முன்னால, ஒரு ஞாயித்துக்கிழமை நான் மட்டும் அவளப் பாக்கப் போனேன். மரத்தடில குந்தி பேசிக்கினு இருந்தப்ப என் மணிக்கட்டப் புடிச்சிக்கினா. "நைனா, என்னால முடியல, என்ன இன்னைக்கே இட்டுக்கினு பூடு"ன்னா. ஊர்ல எல்லாப் புள்ளையும் படிக்கலியா, உனக்கு மட்டும் இன்னா வந்துச்சுன்னு திட்டினேன். அவ விடல. வெரல ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சு எடுத்து வுட்டுட்டு எழுந்தேன். கேட்டு வரைக்கும் நடந்தேன். மாடி ஜன்னல்ல வந்து நிப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும். திரும்பிப் பாத்தா இட்டுக்கினு வந்துடுவேன்னு பாக்காமப் போனேன். வூட்டுக்கு வந்து, நல்லா கீறா, நல்லா படிக்கறான்னு சொன்னேன்.

படத்தப் பாத்துக்கினே கேட்டேன். "ஒண்ணுல கூட மூஞ்சி போடலியேம்மா?"

"நீ திரும்பவே இல்லியே நைனா"ன்னா, பின்னாலருந்து.

எனக்கு அழுக முட்டிக்கினு வந்துச்சு. அவ முன்னால அழக் கூடாது, அவளே ஒடஞ்சு போயிருக்கான்னு செவுத்தப் பாத்தபடியே நின்னேன். தோளு ஆடுச்சு, அடக்கப் பாத்தேன், முடியல. எம் பொண்டாட்டி இன்னாய்யா இன்னாய்யான்றா. இப்பவும் எம் பொண்ணு பாத்துக்கினு நிக்கறது என் முதுகத்தான்னு அப்பதான் எனக்கு ஒறச்சுது. மூக்கு ஒழுவுது, வாய் கோணிக்கினு போவுது. தொடச்சிக்கக் கூட இல்ல. அப்படியே அவ பக்கம் திரும்பினேன்.